காய்ச்சல் தொடங்கிய திகதி

2021 ஓகஸ்ட் கடைசி. நல்லூர்க் கந்தனுக்குத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆனால் வழமையான சனம் இல்லை. கச்சான் கடை இல்லை, தண்ணீர்ப் பந்தல் இல்லை, ஒலிபெருக்கி அறிவித்தல் இல்லை. கொரோனா நாட்டை மூடிவைத்திருந்தது. அம்மா வீட்டுக்குள் இருந்தபடியே மணிச் சத்தத்தை வைத்து எந்தப் பூசை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

28ஆம் திகதி, சனிக்கிழமை, விளக்கு வைத்துவிட்டு வந்து இருந்தவருக்கு உடம்பு குளிர்ந்தது. இரவு காய்ச்சல். திங்கட்கிழமை காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். முழுக்க மூடிய உடுப்பு; குரலில்தான் இளம் பெடியன் என்று தெரிந்தது. குச்சியை எடுப்பதற்கு முதல் அவர் கேட்ட முதற் கேள்வி இது:

“அம்மா, காய்ச்சல் எப்ப துவங்கினது?”

“சனிக்கிழமை பின்னேரம், தம்பி. அந்தா கலண்டரில வட்டம் போட்டிருக்கிறன், பாருங்கோ.”

குசினிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரில் 28 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். உள்ளே சின்னதாக “கா” என்ற எழுத்து. காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால் கணக்கு, அமாவாசை, விரதம் எல்லாம் ஏறும் அதே கலண்டரில் எங்கள் வீட்டில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தத் திகதி ஏறிவிடும். பரிசோதகர் அதைப் பார்த்து, தன் படிவத்தில் எழுதிக்கொண்டார். மூக்கில் ஒரு குச்சி, தொண்டையில் ஒரு குச்சி, சிறு குழாய், ஐஸ் பெட்டி. போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் தொலைபேசி வந்தது. பி.சி.ஆர். முடிவு: தொற்று உண்டு. அம்மா தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தார்; பத்து நாளில் தேறிவிட்டார். எனக்கு அந்த நாட்களில் மனதில் நின்றது வருத்தத்தைவிட அந்த வேகம்தான். காய்ச்சலுக்கும் அதன் பெயருக்கும் நடுவே கலண்டரில் மூன்று கட்டங்கள். குச்சி எடுத்ததிலிருந்து எண்ணினால் ஒரே ஒரு கட்டம். இதே அம்மா, ஒரு காய்ச்சலின் பெயருக்காக, ஒருகாலத்தில் ஒன்பது நாள் காத்திருந்தவர்.

பெயர் தெரியாத காலம்

எங்கள் ஊரில் நோய்க்குப் பெயர் தேடும் கதை பழையது. கோபம் வந்தால் யாழ்ப்பாணத்து ஆச்சிமார் வாயில் “கோதாரி” என்ற சொல் வரும். கொள்ளைநோயின் நினைவு வசைச்சொல்லாக உறைந்து போனது அது. வாந்திபேதி வந்த வீட்டில் காலையில் நடமாடியவர் அந்திக்குள் இல்லாமற் போவார். 19ஆம் நூற்றாண்டில் அது திரும்பத் திரும்பக் குடாநாட்டுக்கு வந்தது. 1866, 1867ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

அப்போது இங்கே வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவக் கல்வியும் தொடங்கி, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்கூறு முதல் இரசாயனம் வரை மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் தமிழில் பெயர் தேடியவருக்கு வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியின் பெயர் தெரியாது. அவர் மட்டுமல்ல, அன்றைய மருத்துவ உலகமே அதை ஏற்று அறிந்திருக்கவில்லை. றொபேட் கொக் கல்கத்தாவிலிருந்து அந்தக் கிருமியைப் பற்றி அறிவித்தது 1884இல். அதே ஆண்டில்தான் கிறீன் தன் ஊரில் கண்மூடினார்.

கிறீன் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். 1870களின் பிற்பகுதியில் பஞ்சமும் பேதியும் சேர்ந்து ஊரை வாட்டியபோது நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றினார். சமயத்தில் ஒருவருக்கொருவர் எதிர்த்திசையில் நின்ற இந்த இருவரும் ஒரே இருளில்தான் வேலை செய்தார்கள். எதிரி யார் என்று தெரியாமல், மருந்தும் கஞ்சியும் ஆறுதலும் மட்டும் கையில் கொண்டு நின்றார்கள்.

பெயர் தெரியாத இடத்தைத் தெய்வம் நிரப்பியது. அம்மை கண்டால் “அம்மாள் வந்திருக்கிறா” என்று வேப்பிலை செருகி, வீட்டு வாசலை அந்நியருக்கு அடைத்தார்கள். அந்த வேப்பிலைக்குள் ஒரு தனிமைப்படுத்தலும் இருந்தது. ஆனால் எந்த வீட்டில் வேப்பிலை செருக வேண்டும் என்பது கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் நோய் அடுத்த வளவு போயிருக்கும்.

ஒன்பது கோடுகள்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கிவர, மழைக்குள், நாங்களும் நல்லூரை விட்டு நடந்தோம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய அந்தச் சனவெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சாவகச்சேரியில் சில மாதம். பிறகு கடல்நீரேரி கடந்து வன்னி. மரநிழலில் ஒரு கொட்டில். எனக்கு அப்போது பதினொரு வயது.

அங்கே எனக்குக் காய்ச்சல் பிடித்தது. முதலில் நடுக்கம். இருந்த சாக்கையெல்லாம் மூடினாலும் பல்லோடு பல் அடித்தது. பிறகு கொதிப்பு. பிறகு வியர்த்து விட்டுவிடும். அடுத்த நாள் நன்றாக இருப்பேன். அதற்கு அடுத்த நாள் ஏறக்குறைய அதே நேரத்தில் திரும்பவும் நடுக்கம். “முறைக்காய்ச்சல்” என்றார் பக்கத்துக் கொட்டில் அப்பு. “நெருப்புக் காய்ச்சலாயும் இருக்கும்” என்றார் இன்னொருவர். அம்மா என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஒரு நடமாடும் சிகிச்சை முகாமுக்குக் கொண்டுபோனார். விரல் நுனியில் ஊசி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தம், வட்டமாகத் தடவினார்கள். அதுதான் இரத்தப் பூச்சு.

பூச்சு எங்கேயோ போனது. முடிவு வரவில்லை. வன்னியில் அன்று மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பாதைகள் நாளுக்கு நாள் மாறின. அங்கே வேலை செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். கொட்டிலில் கலண்டர் இல்லாததால் அம்மா கூப்பன் மட்டையின் பின்புறத்தில் ஒரு நாளுக்கு ஒரு கோடு போட்டார். நாலாம் நாள் யாரோ கொடுத்த குளோரோகுயின் குளிசையை, மலேரியாவாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில், கசக்கக் கசக்க விழுங்கினேன். ஒன்பதாம் கோட்டில் ஒரு துண்டு வந்தது: மலேரியா, வைவாக்ஸ் வகை. அப்போது எனக்குக் காய்ச்சல் விட்டுப்போயிருந்தது.

எனக்கு ஊகம் பலித்தது. அதே மரத்தடிக்கு அப்பால் ஒரு குழந்தைக்குப் பலிக்கவில்லை. அதற்கு என்ன வருத்தம் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. பெயர் தெரியாமற் போன காய்ச்சல்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கண்ணாடித் துண்டு செய்த வேலை

அந்தக் கண்ணாடித் துண்டை நான் இகழ்வதாக எவரும் எண்ணக்கூடாது. இலங்கையிலிருந்து மலேரியாவை விரட்டியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஊதா மை ஏற்றி, நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு புலமாக நகர்த்தி, நூறு புலம் பார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதும் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ பூச்சுகள். கண் எரியும்.

1999இல் இலங்கையில் பதிவான மலேரியா நோயாளர் 2,64,000க்கு மேல். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. நடுவே முடிவற்றதாகத் தோன்றிய ஒரு போரும் இருந்தது என்பதை நினைத்தால், ஊர் ஊராகப் போய் விரலில் குத்திய அந்தக் கள உத்தியோகத்தர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நுணுக்குக்காட்டியில் ஒரு கிருமியைக் காண வேண்டுமானால் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் “இல்லை” என்றுதான் வரும். சளியை வளர்ப்பூடகத்தில் இட்டு வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கிருமி மெதுவாகப் பெருகுவது. முடிவுக்கு எட்டுக் கிழமை வரை ஆகலாம். அதுவரை அந்த மனிதர் வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருப்பார்.

நெருப்புக் காய்ச்சல் இன்னொன்று. சுண்ணக்கல் நிலத்தில் கிணறும் மலகூடக் குழியும் அருகருகே இருக்கும் எங்கள் குடாநாடு, இலங்கையிலேயே அந்நோய் கூடுதலாகக் காணப்பட்ட மாவட்டமாக நெடுங்காலம் இருந்தது. இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நாள் வேண்டும். உண்மையில் நோய் உள்ளவர்களிலும் கணிசமானோரில் அது தவறவிடும். எங்கள் தாய்மார் கொதித்தாறிய நீரை ஒரு சமயச் சடங்கு போலப் பேணியதற்குக் காரணம் உண்டு.

சனக்கூட்டத்தில் ஒரு பிள்ளை

இனி, அம்மாவிடம் எடுத்த அந்தக் குச்சி போன இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

நல்லூர்த் தேரன்று பிள்ளை தவறிப்போனால் என்ன செய்வோம்? அத்தனை முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. ஒலிபெருக்கியில் பெயரையும் உடுப்பின் நிறத்தையும் சொல்வோம். அந்த அடையாளம் பொருந்தும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கிருமிக்கும் தன் உடலை எழுதிவைத்திருக்கும் மரபணு எழுத்துத் தொடர் உண்டு. அதில் அந்தக் கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு சிறு துண்டைத் தெரிந்துகொண்டு, அதனுடன் மட்டும் போய் ஒட்டக்கூடிய செயற்கைத் துண்டுகளைச் செய்து குழாயில் இடுகிறார்கள். “பிரைமர்” என்பது அதைத்தான். கோடானுகோடி மனித மரபணுத் துண்டுகளுக்கு நடுவே அது தன் பிள்ளையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

பிடித்தது ஒன்று என்றால் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆகவே அதைப் பெருக்க வேண்டும். குழாயை ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். சூட்டைக் குறைத்தால் பிரைமர் ஒட்டும். மீண்டும் கொஞ்சம் கூட்டினால் ஒரு நொதியம் வந்து மிச்ச இழையை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இப்படி முப்பது சுற்று போனால், ஒரே ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டிவிடும். 1983இல் அமெரிக்காவில் கரி மல்லிஸ் கண்ட வழி இது. பத்தாண்டு கழித்து நோபல் பரிசு வந்தது. 95 பாகையில் அவிந்துபோகாத அந்த நொதியம் எங்கிருந்து கிடைத்தது? அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றில் வாழும் ஒரு பக்ரீரியாவில். எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைவிட மிகக் கொதிப்பான நீர் அங்கே.

கொரோனா, டெங்கு போன்ற வைரசுகள் ஆர்.என்.ஏ. எழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றை முதலில் டி.என்.ஏ. எழுத்துக்குப் பெயர்த்துக்கொண்டு பிறகு பெருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பெருகப் பெருகக் குழாய்க்குள் ஒளிர்வு கூடும். கணினித் திரையில் தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கோடு, ஏதோ ஒரு சுற்றில் தலைநிமிர்ந்து மேலே வளையும். அந்த வளைவுதான் அம்மாவுக்கு வந்த தொலைபேசி அழைப்பு. கோடு எத்தனை முந்தி நிமிர்கிறதோ, அத்தனைக்குக் கிருமி கூட.

பின்னர் வந்த கருவிகள் இந்த வேலை முழுவதையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கின. காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பேட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசெம்பரில் ஏற்றது. சளியில் ஒரு திரவத்தைக் கலந்து, கால் மணி நேரம் வைத்து, ஒரு பிளாஸ்ரிக் பெட்டகத்தில் ஊற்றிக் கருவிக்குள் செருகினால் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி உண்டா, றிபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டு விடையும் வரும். ஒரு மில்லிலீற்றருக்கு 130 அளவு கிருமி இருந்தாலே அது கண்டுவிடும். எட்டுக் கிழமை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. இடையில் இருமிக்கொண்டிருந்த தாத்தாவையும் மடியிலிருந்த பிள்ளையையும் நினைத்தால் அந்தச் சுருக்கத்தின் அர்த்தம் விளங்கும்.

சூட்டை ஏற்றி இறக்காமலே செய்யும் வழியும் வந்தது. 2000இல் ஜப்பானியர் வெளியிட்ட “லாம்ப்” முறைக்கு 60 முதல் 65 பாகை வரையான ஒரே சூடு போதும். நல்ல பிளாஸ்கில் வெந்நீர் காக்கும் சூடு அது. ஒரு மணி நேரத்துக்குள் குழாயின் நிறம் மாறி விடை சொல்லும்படியும் அதை அமைக்கலாம். கோவா நிறுவனம் ஒன்றின் “ட்ரூநாட்” கருவி மின்கலத்தில் இயங்குவது. அதை இந்தியாவில் மின்சாரம் வந்துபோகும் சிற்றூர் நிலையங்களில் வைக்கிறார்கள். மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்களுக்கு, மின்கலத்தில் ஓடும் ஓர் ஆய்வுகூடம் என்ற எண்ணமே நெஞ்சை நிறைக்கும்.

நானூறு கிலோமீற்றரும் ஒரு சைக்கிள் தூரமும்

யாழ்ப்பாணத்தில் இந்த மாற்றத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் உணர்ந்தது 2020இல். மார்ச் நடுவில் அரியாலையில் ஒரு வழிபாட்டுக் கூட்டம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர் ஒருவருக்குத் தொற்று இருந்தது பிறகு தெரியவந்தது. மார்ச் 22இல் யாழ். மாவட்டத்தின் முதல் தொற்றாளர் உறுதிப்படுத்தப்பட்டார். அதற்குள் ஊரடங்கு போட்டாயிற்று.

தொடக்கத்தில் இந்தப் பரிசோதனைக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத்தான் நாடே நம்பியிருந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். குழாய்கள் ஐஸ் பெட்டியில் ஏறிப் போய், வரிசையில் நின்று, முடிவு திரும்பும் வரை ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளிக்குள் வதந்தி குடியேறியது. யார் வீட்டுக்கு அம்புலன்ஸ் வந்தது, யார் யாரோடு கதைத்தார் என்பதே பேச்சு. வருத்தம் இல்லாத வீடுகளுக்கும் பால் கொடுக்க ஆள் போகவில்லை.

ஏப்ரலில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பி.சி.ஆர். பரிசோதனை தொடங்கியது. 1978இல் தொடங்கிய பீடம் அது. போர்க்காலத்திலும் மாணவரை வைத்தியராக்கி அனுப்பிய பீடம். நல்லூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். பின்னர் போதனா வைத்தியசாலை ஆய்வுகூடமும் சேர்ந்தது. பணிப்பாளர் வைத்தியர் த. சத்தியமூர்த்தி அன்றன்று எத்தனை பேருக்குப் பரிசோதனை, எவ்விடத்தில் எத்தனை பேருக்குத் தொற்று என்று அறிவிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் வீட்டில் இராச்சாப்பாடு. தனிமைப்படுத்தலில் இருந்தவர்களில் எந்த அறிகுறியும் இல்லாத சிலருக்கும் தொற்று இருப்பது அந்தச் சோதனைகளில் தெரியவந்தது. காய்ச்சலே வராத ஒருவருக்கு வருத்தம் உண்டு என்று சொல்லக்கூடிய காலத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம். வேப்பிலை செருகக் கொப்புளம் வரட்டும் என்று இருக்கத் தேவையில்லை.

போதனா வைத்தியசாலையை எங்கள் வீட்டில் இன்னமும் “பெரியாஸ்பத்திரி” என்றுதான் சொல்வோம். 1850இல் பேர்சிவல் டைக் துரை காலத்தில் ஒரு தரும சங்கத்தின் வைத்தியசாலையாகத் தொடங்கியது. கோதாரி பெயரில்லாமல் வந்த காலத்தில் நோயாளரை ஏற்ற அதே நிறுவனம், ஒன்றே முக்கால் நூற்றாண்டு அளவில், ஒரு வைரசின் எழுத்தை வாசித்து அன்றே பெயர் சொல்கிறது. ஆய்வுகூடம் எங்கள் ஊருக்கு வந்ததில் நான் காணும் பேறு இதுதான்: வேகம் என்பதில் பாதி, அருகில் இருப்பது. கருவி இரண்டு மணி நேரத்தில் விடை தந்தாலும் அது நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால், விடை இரண்டு நாளில்தான் வரும்.

வடமராட்சியில் ஒரு டிசெம்பர்

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலின் மழை. வயலும் வளவும் ஒன்றாகக் கிடந்தன. டிசெம்பரில் வடமராட்சிப் பக்கம் ஒரு காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோகத் தொடங்கியது. காய்ச்சல், மூச்சு முட்டல், சில நாளில் மரணம். ஏழு பேர் வரை இறந்தார்கள் என்று செய்தி வந்தபோது அதன் பெயர் “மர்மக் காய்ச்சல்”. பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு மரத்தடிக் கொட்டில் நினைவுக்கு வந்தது.

மாதிரிகள் ஆய்வுக்குப் போயின. சில நாட்களுக்குள் பெயர் வெளிவந்தது: எலிக்காய்ச்சல், லெப்ரோஸ்பைறோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், காலில் ஒரு கீறல், அவ்வளவுதான் அதற்கு வேண்டிய வாசல். பெயர் தெரிந்த கணத்திலிருந்து செய்ய வேண்டியதும் தெரிந்தது. வயலில் இறங்குவோருக்கு முற்காப்பாக டொக்சிசைக்ளின் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் வந்தவுடன் வைத்தியசாலைக்கு வரும்படி ஊர் ஊராகச் சொன்னார்கள். மர்மம் என்ற சொல் பத்திரிகையிலிருந்து இறங்கியது.

இந்த நோய்தான் திகதியின் அருமையைச் சொல்லித் தருகிறது. முதல் கிழமையில் கிருமி இரத்தத்தில் இருக்கும். மரபணுச் சோதனை அப்போது அதைப் பிடிக்கும். நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய சோதனையோ அந்த நாட்களில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. இரண்டாம் கிழமையில் நிலைமை தலைகீழ். டெங்குவுக்கும் அப்படித்தான். முதல் ஐந்து நாள் வைரசைத் தேடும் காலம். அதன் பின் எதிர்ப்பொருளைத் தேடும் காலம். மரபணுச் சோதனை டெங்குவின் நாலு வகைகளில் எது வந்திருக்கிறது என்றும் சொல்லிவிடும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, அவ்வளவு நாள் ஒதுங்கியிருந்த இரண்டாம் வகை மேலெழுந்ததே முதன்மைக் காரணங்களில் ஒன்று என்று அறிந்தது அப்படித்தான்.

ஆகவே, எவ்வளவு கூர்மையான கருவியும் முதலில் ஒரு தாயிடம் கேட்டாக வேண்டும்: காய்ச்சல் எப்ப துவங்கினது? “நாலைஞ்சு நாளாக் காயுது, பனடோல் போட்டனாங்கள், விட்டு விட்டு வருது” என்று மயங்கிச் சொன்னால், சோதனை தவறான நாளில் தவறான பொருளைத் தேடக்கூடும். அப்போது வரும் “இல்லை” என்ற விடை, விடை இல்லாததைவிட ஆபத்தானது.

கருவி தராதவை

இன்னும் சொல்ல வேண்டியவை உண்டு. மரபணுச் சோதனை உயிருள்ள கிருமியையும் செத்த கிருமியின் மிச்சத்தையும் பிரித்தறியாது. குணமான ஒருவருக்குக் கிழமைகள் கழித்தும் “உண்டு” என்று வரலாம். 2020இல் தேறி வீடு திரும்பியவர்களை அயலவர் ஒதுக்கியபோது, அந்தச் சோதனையின் வேகத்துக்கு ஈடாக எங்கள் மனம் ஓடவில்லை என்பதைக் கண்டேன். பெயரைக் கண்டுபிடிப்பது ஆய்வுகூடத்தின் வேலை. அந்தப் பெயரை ஒரு மனிதரின் நெற்றியில் ஒட்டாமல் இருப்பது ஊரின் வேலை.

செலவும் உண்டு. பெட்டகங்களும் இரசாயனங்களும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துக்கே என்ன நிலைமை என்று பார்த்தோம். கருவியை வாங்கித் திறந்துவைத்துப் படம் எடுப்பதோடு காரியம் முடியாது. ஒவ்வொரு மாதமும் அதற்குத் தீனி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், இரவிலும் அதை இயக்க ஊழியர் வேண்டும். காய்ச்சல் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

மலேரியாவும் போய்விட்டது என்று கதவைச் சாத்த முடியாது. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்ரீபன்சி என்ற நுளம்பு இனம் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. யாழ். பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் அதன் மரபணு எழுத்தையும் வாசித்து அடையாளம் உறுதிப்படுத்தினார்கள். கடல்தாண்டித் தொழிலுக்கோ யாத்திரைக்கோ போய்வரும் ஒருவரின் இரத்தத்தில் நுணுக்குக்காட்டிக்குத் தெரியாத அளவு ஒட்டுண்ணி இருந்தால், அதை மரபணுச் சோதனைதான் காணும். அதற்கும் அவர் போய்வந்த கதையை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

திருவிழா திரும்பவும் நிறைந்துவிட்டது. இருபத்தைந்து நாளும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் எங்கள் சனம் வந்து இறங்குகிறது. சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாக நீரையும் உணவையும் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஒலிபெருக்கி தவறிய பிள்ளைகளின் பெயரைச் சொல்கிறது. இந்தக் கூட்டத்துக்குள் எந்தக் காய்ச்சல் யாரோடு வந்திருக்கிறது என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆனால் அது வந்தால், பெயரைக் கண்டுபிடிக்கக்கூடிய கண் ஒன்று ஒரு சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு கும்பிட்டுத் திரும்பும் முதல் தலைமுறை நாங்கள்.

போன மழைக்காலம் அம்மாவின் அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது அந்தக் கூப்பன் மட்டை அகப்பட்டது. ஓரம் கிழிந்து, மஞ்சளாகி. பின்புறத்தில் பென்சில் கோடுகள் மங்கலாக, ஒன்பது. அவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது மகள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். முகம் வாடியிருந்தது. நெற்றியைத் தொட்ட அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் மட்டையை வைத்துவிட்டு எழும்பிப் போய், சிவப்புப் பேனையை எடுத்து, கலண்டரில் அன்றைய திகதியைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன்: பின்னேரம் 2.15.